நீலகிரிக் குறும்பர் கொலைகளும் வரலாற்றாய்வாளர்களின் விளக்கங்களும்

நீலகிரிக் குறும்பர் கொலைகள் என்பவை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலகிரி மலையில் பில்லி சூனியம் வைத்தார்கள் என்ற ஐயத்தின் பேரில் குறும்பர் பழங்குடியினர் அண்டை மக்களால் கொல்லப்பட்ட நிகழ்வுகள் ஆகும். இவற்றுள் பெரியது 1835 ஆம் ஆண்டில் நடந்தது. அந்த ஆண்டில் 48 குறும்பர்கள் கொல்லப்பட்டனர் என்று ஆங்கிலேய அரசின் மாவட்டக் கையேடு குறிப்பிடுகிறது. 1875, 1882 ஆகிய ஆண்டுகளில் அதைவிடக் குறைந்த எண்ணிக்கையில் கொலைகள் நடந்தன. 1900 ஆம் ஆண்டில் ஒரு குறும்பர் குடும்பமே கொல்லப்பட்டது.

நீலகிரி அந்நாளில் தனி மாவட்டமாக இருக்கவில்லை. காங்கேயமும் தாராபுரமும் அடங்கிய அதே கோயம்புத்தூர் மாவட்டத்தின் மலைப்பகுதியாகவே அது இருந்தது. 1830 இல் மலையின் மேற்குப் பகுதி மலபார் மாவட்டத்துக்கு மாற்றப்பட்டு, 1843 இல் மீண்டும் கோயம்புத்தூருடன் சேர்க்கப்பட்டது. 1868 இல்தான் நீலகிரிக்குத் தனி ஆணையர் நியமிக்கப்பட்டார். ஆகவே இக்கொலைகளின் முற்பகுதி கொங்கு நாட்டு வரலாற்றைச் சேர்ந்தது. ஆயினும் கொங்கு வரலாறு பற்றிய பேச்சுகளில் இது இடம்பெறுவது அரிது.

பெயர் பற்றி ஒரு விளக்கம் தேவை. சமவெளியில் ஆடு மேய்க்கும் குரும்பர், குருபர் என்று அழைக்கப்படுவோர் வேறு. நீலகிரிச் சரிவுகளில் வாழும் குறும்பர் வேறு. மலைக்குறும்பரிலும் ஆலு குறும்பர், பெட்ட குறும்பர், தேன் குறும்பர், முள்ளு குறும்பர் எனப் பல பிரிவுகள் உண்டு. இக்கட்டுரையில் பேசப்படுவோர் படகர் ஊர்களோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்த, மலையின் கிழக்கு, தெற்குச் சரிவுகளில் வாழ்ந்த குறும்பர்கள்.

சூனிய வழக்கு யார் மீது?

சூனிய வழக்கு என்றதும் உலகெங்கும் மாணவர்கள் நினைப்பது அமெரிக்காவின் சேலம் ஊரைத்தான். ஆங்கிலேயக் குடியேற்றமான மாசசூசெட்ஸில் 1692 இல் நடந்த அவ்வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல மறுத்த ஒரு முதியவர் கல் ஏற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார். அங்கே நீதிபதிகளே சூனியத்தை நம்பினார்கள். கூண்டில் நின்றவர்கள் சூனியம் செய்ததாகச் சொல்லப்பட்டவர்கள்.

இந்தியாவில் நிலைமை தலைகீழ். இங்கிலாந்து நாடாளுமன்றம் 1736 இல் சூனியம் என்ற குற்றத்தையே சட்டத்திலிருந்து நீக்கிவிட்டது. அதன்பின் சூனியம் தெரியும் என்று சொல்லி ஏமாற்றுவதுதான் குற்றம். கம்பெனி ஆட்சி நீலகிரிக்கு ஏறியபோது அதன் நீதிபதிகள் சூனியத்தை நம்பாத தலைமுறையினர். எனவே இங்கே கூண்டில் நின்றவர்கள் சூனியக்காரர்கள் அல்லர், அவர்களைக் கொன்றவர்கள். கொலையுண்டவர் சூனியம் வைத்தாரா என்ற கேள்வியை நீதிமன்றம் கேட்கவே இல்லை. ஊராருக்கோ அது ஒன்றுதான் கேள்வி. ஒரே வழக்கில் இரண்டு தரப்பும் இரண்டு வெவ்வேறு குற்றங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தன.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, ஹென்றி ஹார்க்னஸ் என்ற படை அதிகாரி 1832 இல் வெளியிட்ட நூலில் உள்ளது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குறும்பரைக் கொன்றதற்காகப் படகர் ஒருவர் மாகாண நீதிமன்றத் தீர்ப்பின்படி தூக்கிலிடப்பட்டார். அவருடைய ஊரில் நோய் பரவி அவர் குடும்பத்தில் பலரைக் கொண்டுபோயிருந்தது. அவரும் மயிரிழையில் தப்பியிருந்தார். மாடுகளும் கொள்ளை நோயில் மடிந்தன. எல்லாவற்றுக்கும் அந்தக் குறும்பரின் மந்திரமே காரணம் என்பதில் சுற்றுவட்டாரத்தில் ஒருவருக்கும் ஐயம் இல்லை. பலமுறை முயன்று தோற்ற பிறகு, ஒரு கூட்டம் பட்டப்பகலில் அவரைச் சுற்றி வளைத்துக் கொன்றது.

அந்தத் தூக்கு நடந்து சில ஆண்டுகளுக்குள் 48 பேர் கொல்லப்பட்டனர். தூக்குத் தண்டனை அச்சத்தை விளைவித்து இத்தகைய கொலையை நிறுத்தும் என்று எதிர்பார்த்திருந்தால், அந்த எதிர்பார்ப்பு பலிக்கவில்லை. மாறாக, தனி ஆள் மாட்டிக்கொள்ளாதபடி ஊரே சேர்ந்து செய்யும் செயலாக அது தொடர்ந்தது என்றுதான் கருத வேண்டியிருக்கிறது. இத்தகைய கொலையில் முதல் அடியைத் தோடர் ஒருவர் அடிக்க வேண்டும் என்ற வழக்கம் இருந்ததாகவும் பழைய பதிவுகள் கூறுகின்றன. பல குலத்தாரும் கை வைத்த ஒரு செயலுக்குச் சாட்சி சொல்ல யார் முன்வருவார்? 1900 ஆம் ஆண்டு நிகழ்வில் இது வெளிப்படையாகவே தெரிந்தது. ஒரு படகர் ஊருக்கு நோயையும் சாவையும் கொண்டுவந்தார் என்று நம்பப்பட்ட குறும்ப வைத்தியர் ஒருவரும் அவர் குடும்பத்தாரும் கொல்லப்பட்டனர். சுற்றுப்புறத்தாரின் பரிவு முழுவதும் கொன்றவர்கள் பக்கமே இருந்ததால் துப்புத் துலக்குவது மிகக் கடினமாயிற்று. குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள்.

காவலரும் அவரே, சந்தேகத்துக்குரியவரும் அவரே

குறும்பர் மீது ஏன் இந்த அச்சம்? வெறும் பகை என்று சொல்லிவிட முடியாது. பழைய நீலகிரியில் படகர் உழவர். தோடர் எருமை வளர்ப்போர். கோத்தர் கொல்லு வேலை, தச்சு, மட்பாண்டம், இசை ஆகியவற்றைச் செய்தோர். குறும்பர் சரிவுக் காடுகளிலிருந்து தேன், மூங்கில், மருந்து வேர் முதலியவற்றைக் கொண்டுவந்து கொடுத்தோர். பணம் புழங்காத அந்தப் பொருளாதாரத்தில் குடும்பத்துக்குக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கல் வாங்கல் இருந்தது.

அதற்கு மேலும் ஒன்று இருந்தது. படகர் ஊர் ஒவ்வொன்றுக்கும் உரிய குறும்பர் ஒருவர் உண்டு. விதைப்புக் காலத்தில் முதல் விதையைத் தூவுவதும், அறுவடையைத் தொடங்கி வைப்பதும் அவர் உரிமை. நோய் வந்தால் மருந்து கொடுப்பவரும், பிற குறும்பர்களின் மந்திரம் ஊரை அண்டாமல் காப்பவரும் அவரே. அதற்காக ஆண்டுதோறும் ஊரிலிருந்து தானியம் பெற்றார்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. மந்திரத்தைத் தடுக்கத் தெரிந்தவருக்கு மந்திரம் வைக்கவும் தெரிந்திருக்கும் அல்லவா? ஊர் நலமாக இருந்தவரை அவர் காவலர். கொள்ளை நோய் வந்து, காவல் பலிக்கவில்லை என்றானதும் அவரே முதல் சந்தேகத்துக்கு உரியவரானார். கொங்குச் சமவெளியில் ஏவல், பில்லி, செய்வினை என்று பேசப்படும் அச்சம் பெரும்பாலும் முகம் தெரியாத எதிரியைப் பற்றியது. நீலகிரியில் அந்த எதிரிக்கு ஒரு முகமும் ஒரு குடியிருப்பும் இருந்தன.

ஆங்கிலேய அதிகாரிகளின் விளக்கம்

1873 இல் வெளிவந்த பிரீக்ஸின் நூல், 1880 இல் கிரிக் தொகுத்த நீலகிரி மாவட்டக் கையேடு, 1908 இல் பிரான்சிஸ் எழுதிய மாவட்ட விவரச் சுவடி, 1909 இல் எட்கர் தர்ஸ்டன் க. ரங்காச்சாரியின் துணையோடு வெளியிட்ட ஏழு தொகுதிகள் ஆகியவையே இன்றும் முதன்மைச் சான்றுகள். இவை எல்லாம் கொலைகளுக்குத் தரும் விளக்கம் ஒரே சொல்லில் அடங்கும்: மூடநம்பிக்கை. குறும்பர் காட்டானைகளை அழைக்க வல்லவர், பாறையைப் பொடியாக்க வல்லவர் என்ற கதைகள் விரிவாகவும் சுவையாகவும் எழுதப்பட்டன. கொலைகளோ இரண்டொரு வரியில் முடிந்தன.

48 என்ற எண்ணையே எடுத்துக்கொள்ளலாம். விவரச் சுவடியில் அது ஒரு வாக்கியத்தின் பாதி. கொல்லப்பட்டவர்களில் ஒருவர் பெயரும் அந்த வாக்கியத்தில் இல்லை. எந்தக் குடியிருப்பு, எத்தனை பெண்கள், எத்தனை குழந்தைகள் என்பதும் இல்லை. நிகழ்ந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு அச்சான அந்த எண்ணைத்தான் பின்னர் எழுதியவர்கள் அனைவரும் திரும்பத் திரும்ப எடுத்தாண்டனர்.

மூடநம்பிக்கை என்ற விளக்கம் ஆட்சியாளருக்கு வசதியானது என்பதையும் சொல்ல வேண்டும். கொலைக்குக் காரணம் மலைமக்களின் அறியாமை என்றால், ஆட்சி தன்னைப் பற்றி எதையும் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

மானிடவியலாளர்கள்

இருபதாம் நூற்றாண்டில் கேள்வி மாறியது. ரிவர்ஸ் 1906 இல் வெளியிட்ட தோடர் பற்றிய நூலில், தோடருக்குள்ளேயே மந்திரம் செய்வோர் இருந்ததையும், அவர்களோடு சமாதானம் செய்துகொண்டு கட்டை எடுக்க முடிந்ததையும் பதிவு செய்தார். குறும்பர் மந்திரம் அப்படிப்பட்டதாகக் கருதப்படவில்லை. அதற்கு மாற்று இல்லை, குறும்பரைக் கொல்வதே வழி என்று தோடர் நம்பினர். இது முக்கியமான வேறுபாடு. தன் குலத்தான் வைத்த சூனியத்துக்குப் பேச்சுவார்த்தை உண்டு. அயலான் வைத்ததற்கு இல்லை. அச்சம் மந்திரத்தை மட்டும் பொறுத்ததன்று, மந்திரம் வைத்தவர் யார் என்பதையும் பொறுத்தது.

1930களில் கோத்தரிடையே களப்பணி செய்த டேவிட் மாண்டல்பாம், பின்னர் படகர் வரலாற்றை நெடுங்காலம் ஆராய்ந்த பால் ஹாக்கிங்ஸ் ஆகியோர் இந்த அச்சத்தை நான்கு குலங்களின் உறவுமுறைக்குள் வைத்துப் பார்த்தனர். இந்நோக்கில் மந்திரம் பற்றிய புகழ் குறும்பருக்கு ஒரு வகையில் வலிமையும் தந்தது. எண்ணிக்கையில் சிறிய, நிலம் இல்லாத ஒரு குலத்துக்கு ஆண்டுதோறும் தானியம் கிடைத்ததற்கு அந்தப் புகழும் ஒரு காரணம். ஆனால் அந்த வலிமைக்கு அவ்வப்போது கொடுத்த விலை உயிர்.

இவ்விளக்கத்தின் குறை, அது காலத்தை மறந்துவிடுவது. உறவுமுறை என்றும் ஒரே சீராக இருந்தது போலப் பேசினால், கொலைகள் ஏன் குறிப்பிட்ட ஆண்டுகளில் வெடித்தன என்பதற்குப் பதில் இல்லாமல் போகிறது.

வரலாற்றாய்வாளர்கள் வைத்த கேள்விகள்

1970களிலிருந்து உலகெங்கும் சூனிய வழக்குகளை வரலாற்றாய்வாளர்கள் புதிய கண்ணோடு பார்த்தனர். கீத் தாமஸ், ஆலன் மக்ஃபார்லேன் இருவரும் இங்கிலாந்து ஊர்களில் குற்றச்சாட்டு எழுந்தது முன்பின் தெரியாதவர் மீதன்று, உதவி கேட்டு மறுக்கப்பட்ட அண்டை வீட்டார் மீதே என்று காட்டினர். சேலம் வழக்குகளின் பின்னே ஊருக்குள் இருந்த நிலப் பூசலையும் கட்சிப் பிளவையும் பாயரும் நிசென்பாமும் 1974 இல் எடுத்துக்காட்டினர். சொத்துக்கு வாரிசாகக்கூடிய பெண்கள் மீதே பழி விழுந்ததைக் கரோல் கார்ல்சன் 1987 இல் எழுதினார்.

இந்தியாவில் இக்கேள்விகள் முதலில் சோட்டா நாகபுரியிலும் மேற்கிந்தியப் பழங்குடிப் பகுதிகளிலும் கேட்கப்பட்டன. கோவிந்த் கேல்கர், தேவ் நாதன் இருவரும் 1991 இல் வெளியிட்ட நூலில், கணவன் நிலத்தில் வாழ்நாள் உரிமை பெற்ற விதவைகள் 'டைன்' என்று பழிக்கப்பட்டதைச் சுட்டினர். அஜய் ஸ்காரியா 1997 இல், மேற்கிந்தியப் பழங்குடிகளிடையே பெண்கள் மீது நிகழ்ந்த இத்தகைய வன்முறையையும் ஆங்கிலேயர் அதை ஒடுக்க முயன்றதையும் சேர்த்து ஆராய்ந்தார். 1857 இல் சிங்பூமில் ஆங்கிலேய அதிகாரம் தளர்ந்ததும் சூனியக்காரர் என்று கருதப்பட்டோரைக் கொல்வது பெருகியதைச் சசாங்க சின்ஹா விளக்கினார். கொலைக்குத் தண்டனை தந்த அரசு, மக்கள் கண்ணில் சூனியக்காரரைக் காக்கும் அரசாகத் தெரிந்தது. ஆகவே அரசு விலகியவுடன் மக்கள் தங்கள் நீதியைத் தாங்களே நிறைவேற்றினர்.

ஆப்பிரிக்காவிலும் இதையொத்த வழக்கு ஒன்று உண்டு. கென்யாவில் சூனியக்காரி என்று ஒரு பெண்ணைக் கொன்றதற்காக 1932 இல் கம்பா இனத்தவர் 60 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது நிறைவேற்றப்படாமல் குறைக்கப்பட்டது. ஊரே சேர்ந்து செய்த கொலைக்கு எத்தனை பேரைத் தூக்கில் போடுவது என்ற கேள்விக்கு அங்கும் ஆட்சியாளரிடம் விடை இல்லை.

நீலகிரிக்கு எது பொருந்தும்?

இவ்விளக்கங்களை அப்படியே நீலகிரிக்குக் கொண்டுவந்தால் பொருத்தம் குறைகிறது. விதவை நிலம் என்ற காரணம் இங்கு இல்லை. பழி சுமத்தப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆண்கள், அவர்களோடு குடும்பத்தாரும் கொல்லப்பட்டனர். குறும்பர் வாழ்ந்த காய்ச்சல் நிறைந்த சரிவுகள் உழவர்கள் ஆசைப்பட்ட நிலங்களும் அல்ல.

ஆங்கிலேயர் வருகையால் வாழ்வு குலைந்ததே காரணம் என்ற வாதம் கவர்ச்சியானது. காப்பித் தோட்டங்கள் சரிவுகளை விழுங்கின. 1882 ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காட்டை அரசுச் சொத்தாக்கியது. மேட்டில் இருந்த உழவர்களிடம் பணம் புழங்கத் தொடங்கியது. பிற்காலக் கொலைகளுக்கு இந்தப் பின்னணி பொருந்தலாம். ஆனால் மிகப் பெரிய கொலை நடந்த 1835 இல் தோட்டங்கள் பெருகியிருக்கவில்லை. ஹார்க்னஸ் குறிப்பிடும் கொலை அதற்கும் முந்தியது. 1875 ஆம் ஆண்டுக் கொலைகளைப் பெரும்பஞ்சத்தோடு இணைக்கத் தோன்றும். பஞ்சம் தொடங்கியது 1876 இல். காலவரிசை இடம் கொடுக்காத காரணத்தை எவ்வளவு நியாயமாகத் தோன்றினாலும் ஏற்க முடியாது.

பொருந்தக்கூடியது தாமஸும் மக்ஃபார்லேனும் சொன்னதன் சாரம்: பழி விழுவது அறியாதவர் மீதன்று, கொடுக்கல் வாங்கல் உள்ளவர் மீது. விவரம் தெரிந்த எல்லா நிகழ்வுகளிலும் கொலைக்கு முன் நோய் இருந்தது. ஹார்க்னஸ் சொன்னதில் மனித நோயும் மாட்டு நோயும், 1900 இல் ஊரில் பரவிய நோயும் சாவும். மலைக்குப் புதிய ஆட்களும் வண்டி மாடுகளும் வரத் தொடங்கிய காலம் அது என்பதால் நோய்கள் எவ்வழி வந்தன என்பது ஆராயத்தக்க கேள்வி. அந்த வழியில் ஆங்கிலேயர் வருகைக்கும் இதில் பங்கு இருக்கக்கூடும். நோயின் வழி ஊராருக்குத் தெரியாது. ஊரைக் காக்க வேண்டியவர் யார் என்பது தெரியும்.

நூரித் பேர்ட்-டேவிட் என்ற மானிடவியலாளர் 1994 இல் எழுப்பிய கேள்வி இவை எல்லாவற்றுக்கும் அடியில் கை வைக்கிறது. நீலகிரியின் உறவுமுறை பற்றி எழுதப்பட்டவை மேட்டிலிருந்து பார்க்கப்பட்டவை. கீழே இருந்து பார்த்தால் காட்சி வேறு என்றார் அவர். கூடலூர்ப் பக்கத்துக் காடுகளில் நாயக்கரோடு, அதாவது காட்டுநாயக்கரோடு, வாழ்ந்து ஆராய்ந்தவர் என்பதால் அவருக்கு அது தெரிந்தது. உதகையிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் தங்கியிருந்த ஆங்கிலேயர்கள் காய்ச்சலுக்கு அஞ்சிச் சரிவுகளில் அதிகம் இறங்கவில்லை. குறும்பர் பற்றி அவர்கள் எழுதியதில் பெரும்பகுதி, குறும்பருக்கு அஞ்சியவர்கள் சொன்னது. அதாவது, கொலைக்கான காரணமாக ஊரார் சொன்ன அதே கதைதான் பின்னர் நூல்களில் குறும்பர் இனத்தின் இயல்பாகவும் அச்சேறியது. கொலையுண்டவர் பக்கத்துச் சொல் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

பின்னர் நடந்தவை

1900 க்குப் பின் இத்தகைய பெருங்கொலை பற்றிய குறிப்பு பழைய நூல்களில் காணப்படவில்லை. அச்சம் உடனே நீங்கிவிட்டதாகக் கொள்ளக் கூடாது. மாண்டல்பாம் களப்பணி செய்த காலத்திலும் கோத்தர் குறும்பர் மந்திரத்துக்கு அஞ்சியே வாழ்ந்தனர். ஆனால் 1924 இல் கோத்தர் ஊர் ஒன்றில் கொள்ளைக் காய்ச்சல் பலரைக் கொன்றபோது, அதன் விளைவு வேறாக இருந்தது. புதிய தெய்வங்களை அவ்வூரார் வழிபடத் தொடங்கினர். அதே காலத்தில் நான்கு குலங்களின் பழைய கொடுக்கல் வாங்கலும் குலைந்து வந்தது. சந்தையும் மருத்துவமனையும் வந்த பின் ஊர்க் குறும்பரின் காவல் தேவைப்படவில்லை. தானியமும் நின்றது. குறும்பர் பலர் காப்பி, தேயிலைத் தோட்டங்களில் கூலி வேலைக்குச் சென்றனர்.

நாட்டின் பிற பகுதிகளில் நிலைமை வேறு. பீகார் 1999 இலும் ஜார்க்கண்ட் 2001 இலும் சூனியக்காரி என்று பெண்களைப் பழிப்பதற்கு எதிராகத் தனிச் சட்டங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. இச்சட்டங்களில் ஒருவரைச் சூனியக்காரி என்று அடையாளம் காட்டுவதே குற்றம்.

தமிழ்நாட்டின் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் பட்டியலில் குறும்பரும் உள்ளனர். அவர்களுடைய பாறை ஓவிய மரபை ஒட்டிய குறும்பர் ஓவியங்கள் இன்று கண்காட்சிகளில் வைக்கப்படுகின்றன. தேன் எடுத்தல், விதைப்பு, சடங்கு ஆகிய காட்சிகள் அவற்றில் மீண்டும் மீண்டும் வருகின்றன. குறும்பர் தம்மைத் தாமே எப்படிக் காண்கிறார்கள் என்பதை ஆராய விரும்பும் மாணவர்களுக்கு, ஆங்கிலேயர் கையேடுகளைவிட இந்த ஓவியங்களும் முதியோர் சொல்லும் கதைகளும் கூடுதலாக உதவும்.